வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் கஸ்டடி வழக்கு எந்தக் கோர்ட்டில்? அமெரிக்காவில் விவாகரத்தான பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டெக்சாஸ் மாநிலத்து டாலஸில் விவாகரத்து முடிந்துவிட்டது. குழந்தை அம்மாவோடு இருக்கிறது. அம்மாவுக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைக்கிறது. உடனே சுற்றியிருப்பவர்கள் சொல்வது: "அங்க போய் ஆறு மாசம் இருந்துட்டா போதும். அப்புறம் கேஸை அங்கேயே போட்டுக்கலாம்."

இது பாதி உண்மை. அந்தப் பாதியும் இந்த அம்மாவுக்குப் பொருந்தாது. ஆறு மாதக் கணக்கு, கஸ்டடி ஆணை (குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற கோர்ட் உத்தரவு) இதுவரை எதுவும் இல்லாதவர்களுக்கானது. ஆணை ஒன்று வந்துவிட்டால், அதைப் போட்ட மாநிலம்தான் வழக்கைக் கையில் வைத்திருக்கும். அப்பா டாலஸிலேயே இருக்கும்வரை, அம்மாவும் குழந்தையும் நியூ ஜெர்சியில் ஐந்து வருடம் இருந்தாலும் நியூ ஜெர்சி நீதிபதி தானாக அந்த ஆணையில் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. இது தெரியாமல் புது ஊரில் வக்கீல் வைத்து, மனுப் போட்டு, "இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை" என்று திருப்பி அனுப்பப்படுவதற்குள் பணமும் மாதங்களும் போய்விடும்.

இந்த டாலஸ் குடும்பம் ஒரு கற்பனை உதாரணம். கட்டுரை முழுக்க அதையே வைத்துக்கொள்கிறேன்.

சட்டம் எங்கிருந்து வருகிறது

கஸ்டடி சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் எந்த மாநிலத்து கோர்ட் விசாரிக்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஏறக்குறைய நாடு முழுவதும் ஒரே சட்டம். அதன் பெயர்ச் சுருக்கம் யு.சி.சி.ஜே.இ.ஏ. 1997-ல் மாதிரிச் சட்டமாக எழுதப்பட்டு, மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் சட்டப் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டன. மாசசூசெட்ஸ் மட்டும் நீண்ட காலம் தன் பழைய சட்டத்தையே வைத்திருந்தது. அந்த மாநிலம் சம்பந்தப்பட்ட வழக்கென்றால் அங்கே இப்போது என்ன நிலை என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு முன் 1968-ல் ஒரு மாதிரிச் சட்டம் வந்தது. அதில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. குழந்தைக்கு இரண்டு மாநிலங்களோடும் தொடர்பு இருந்தால் இரண்டு கோர்ட்டுகளும் "எனக்கு அதிகாரம் உண்டு" என்று சொல்ல முடிந்தது. அதனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனக்குச் சாதகமான மாநிலத்துக்கு ஓடுவது லாபமாக இருந்தது. 1980-ல் மத்திய அரசு பெற்றோரே குழந்தையைக் கடத்துவதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டது. ஒரு மாநிலத்தின் ஆணையை மற்ற மாநிலங்கள் மதிக்க வேண்டும் என்றும், குழந்தையின் ஹோம் ஸ்டேட்டுக்கே (அது வாழ்ந்துவந்த மாநிலம்; கணக்கு படி 2-ல்) முன்னுரிமை என்றும் அது சொன்னது. சரி, இரண்டு மாநிலங்கள் முட்டிக்கொண்டால் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாமா? இந்தச் சட்டத்தை வைத்துத் தனிநபர் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. ஆகவே சண்டை மாநில கோர்ட்டுகளுக்குள்தான்.

படி 1: இரண்டு கேள்விகளையும் பிரித்துக்கொள்ளுங்கள்

"நான் குழந்தையோடு இடம் மாறலாமா?" என்பது ஒரு கேள்வி. "அதை எந்தக் கோர்ட் முடிவு செய்யும்?" என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை மாநிலச் சட்டத்திலும் உங்கள் ஆணையிலும் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை யு.சி.சி.ஜே.இ.ஏ.யில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான கோர்ட்டில் சரியான கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

அடுத்து, உங்கள் ஆணையின் முழு நகலைக் கையில் எடுங்கள். வக்கீல் மின்னஞ்சலில் அனுப்பிய சுருக்கம் போதாது. எந்த மாநிலம், எந்தக் கவுண்ட்டி, வழக்கு எண் என்ன, கடைசியாகத் திருத்தப்பட்டது எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை எங்கே வசிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்ற வரியைத் தேடுங்கள். டெக்சாஸில் கஸ்டடிக்குப் பெயரே 'கன்சர்வேட்டர்ஷிப்'. இரண்டு பெற்றோரும் கூட்டாக அதை வைத்திருந்தாலும், வசிப்பிடத்தை முடிவு செய்யும் உரிமை பெரும்பாலும் ஒருவரிடம் இருக்கும். அதோடு "இந்தக் கவுண்ட்டிக்கும் அதை ஒட்டிய கவுண்ட்டிகளுக்கும் உள்ளே" என்ற எல்லைக்கட்டும் பல ஆணைகளில் இருக்கும். அந்த வரி இருந்தால், நியூ ஜெர்சி என்ன, அதே மாநிலத்து ஆஸ்டினுக்குக்கூடக் குழந்தையின் வீட்டை மாற்ற முடியாது.

படி 2: ஆணையே இல்லை என்றால், ஆறு மாதக் கணக்கு

பிரிந்து வாழ்கிறீர்கள், வழக்கு இன்னும் தொடங்கவில்லை என்றால் இது உங்களுக்கு. மனுத் தாக்கல் செய்யும் நாளுக்குச் சற்று முன்புவரை, குழந்தை தொடர்ந்து ஆறு மாதமாவது ஒரு பெற்றோரோடு எந்த மாநிலத்தில் இருந்ததோ, அதுதான் ஹோம் ஸ்டேட். ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தை என்றால் பிறந்ததிலிருந்து இருந்த மாநிலம். கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போவது போன்ற தற்காலிகப் பயணங்கள் இந்தக் கணக்கை உடைக்காது. அந்த நாட்களும் சேர்த்தே எண்ணப்படும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கதவு இருக்கிறது. ஒருவர் குழந்தையோடு கிளம்பிவிட்டார், மற்றவர் பழைய மாநிலத்திலேயே இருக்கிறார் என்றால், குழந்தை போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பழைய மாநிலத்திலேயே வழக்குத் தொடங்கலாம். பின்னால் விடப்பட்டவர் "திரும்பி வந்துவிடுவாள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று ஏழாவது மாதம் வரை காத்திருந்தால் புது மாநிலம் ஹோம் ஸ்டேட் ஆகிவிடும். பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மனுவைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள்.

எந்த மாநிலமும் ஹோம் ஸ்டேட் ஆகாத நிலையும் வரலாம். நான்கு மாதத்துக்கு ஒரு பிராஜெக்ட் என்று ஊர் ஊராகப் போன குடும்பங்களுக்கு இது நடக்கும். அப்போது குழந்தைக்கும் குறைந்தது ஒரு பெற்றோருக்கும் எந்த மாநிலத்தோடு ஆழமான தொடர்பு, பள்ளி, மருத்துவர், உறவினர் என்று சாட்சியங்கள் எங்கே கிடைக்கும் என்று பார்ப்பார்கள்.

படி 3: ஆணை இருக்கிறது என்றால், இப்போது யார் எங்கே இருக்கிறார்கள்?

இதுதான் விஷயத்தின் கரு. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதல் ஆணையைப் போட்ட மாநிலத்துக்குத் தொடர்ச்சியான, தனக்கே உரிய அதிகாரம் உண்டு. மற்ற மாநிலங்கள் அந்த ஆணையை அமல்படுத்தலாம், மாற்ற முடியாது. அந்தக் கோர்ட்டே விட்டுக்கொடுப்பதைத் தவிர (அது படி 5-ல்), அந்த அதிகாரம் போவது இரண்டு வழிகளில்தான்.

ஒன்று, குழந்தை, அம்மா, அப்பா, பெற்றோர் ஸ்தானத்தில் இருப்பவர் என்று எல்லோரும் அந்த மாநிலத்தை விட்டுப் போய்விட வேண்டும். அப்படிப் போய்விட்டார்களா என்பதைப் பழைய மாநில நீதிபதியும் சொல்லலாம், புது மாநில நீதிபதியும் சொல்லலாம்.

இரண்டு, குழந்தைக்கும் அங்கே இருக்கும் பெற்றோருக்கும் அந்த மாநிலத்தோடு குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை, சாட்சியங்களும் அங்கே இல்லை என்று தீர்மானிக்கப்பட வேண்டும். இதைச் சொல்லும் உரிமை பழைய மாநில கோர்ட்டுக்கு மட்டும்தான். நியூ ஜெர்சி நீதிபதி "இந்தக் குழந்தை மூன்று வருடமாக இங்கேதான் படிக்கிறது, டெக்சாஸோடு என்ன தொடர்பு?" என்று மனதுக்குள் நினைத்துக்கொள்ளலாம். தீர்ப்பாக எழுத முடியாது.

நம் உதாரணத்தில் அப்பா டாலஸில் இருக்கிறார். குழந்தை ஒவ்வொரு கோடையிலும் அவரிடம் போய்வருகிறது. டெக்சாஸின் வழக்கமான சந்திப்பு அட்டவணையில் பெற்றோர் 100 மைலுக்கு மேல் தள்ளி இருந்தால் கோடையில் 42 நாட்கள் என்று தனிப் பிரிவே இருக்கிறது. இப்படி ஆண்டுதோறும் போய்வரும் குழந்தைக்கு டெக்சாஸோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று டெக்சாஸ் கோர்ட்டையே சொல்லவைப்பது கடினம். ஆக, வழக்கு டாலஸில்தான்.

இப்போது அப்பாவும் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவுக்கு மாறிவிட்டார் என்று வையுங்கள். டெக்சாஸில் யாரும் இல்லை. அதன் தனி அதிகாரம் முடிந்தது. இனிமேல் ஆணையை மாற்ற வேண்டுமென்றால் குழந்தையின் ஹோம் ஸ்டேட்டான நியூ ஜெர்சிக்குத்தான் அப்பா வர வேண்டும். ஜார்ஜியாவில் போட முடியாது. பிறகு அவர் மனம் மாறி டாலஸுக்கே திரும்பி வந்தாலும், போன அதிகாரம் தானாக உயிர்பெறாது. பழைய மாநிலத்தில் இருக்கும் பெற்றோர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நல்ல சம்பளத்துக்காக நீங்கள் ஊரை மாற்றும் நாளில், வழக்கு நடக்கும் ஊரும் மாறிவிடக்கூடும். ஆனால் நீங்கள் கிளம்புவதற்கு முன்பே பழைய கோர்ட்டில் திருத்த மனு தாக்கலாகியிருந்தால், நடுவில் எல்லோரும் போய்விட்டாலும் அந்த வழக்கை அந்தக் கோர்ட்டே முடிக்கலாம். கணக்கில் வருவது மனுத் தாக்கல் செய்த தேதி, விசாரணைத் தேதி இல்லை.

'இருக்கிறார்' என்றால் என்ன என்பதில்தான் சண்டை வரும். வேலைக்காக எட்டு மாதம் வேறு ஊரில், வீடும் ஓட்டுநர் உரிமமும் டாலஸில் என்றால் போய்விட்டார் என்று சொல்வதா? கலிபோர்னியாவில் 2009-ல் ஒரு மேல்முறையீட்டு வழக்கு. அப்பா கலிபோர்னியா வீட்டை விடாமல் வைத்துக்கொண்டு பாகிஸ்தானில் கணிசமான காலம் தங்கியிருந்தார். அதனால் கலிபோர்னியாவின் அதிகாரம் போய்விடவில்லை என்று தீர்ப்பானது. ஆகவே பழைய ஊரில் இருப்பதை நிரூபிக்க நினைப்பவர்கள் வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், வாக்காளர் பதிவு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று. இரண்டு பேரும் சேர்ந்து "இனிமேல் நியூ ஜெர்சிக்குத்தான் அதிகாரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. இந்த அதிகாரம் பெற்றோர் கொடுத்து வாங்கும் பொருள் இல்லை. ஒப்பந்தம் எதற்கு உதவும் என்பது படி 5-ல் வருகிறது.

படி 4: பெட்டி கட்டும் முன் நோட்டீஸ்

மாநிலத்துக்கு மாநிலம் இது வேறு. டெக்சாஸில் முகவரி மாறுவதை மற்றவருக்கும் கோர்ட்டுக்கும் 60 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவ்வளவு முன்பே தெரியவில்லையென்றால் தெரிந்த ஐந்து நாளுக்குள். ஃபுளோரிடாவில் 50 மைலுக்கு மேல், 60 நாளுக்கு மேல் போவதென்றால் மற்றவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். மனு கிடைத்த 20 நாளுக்குள் மற்றவர் ஆட்சேபிக்கலாம். இல்லினாயில் இப்போதைய வீட்டிலிருந்து 25 மைலுக்கு மேல் தள்ளி மாநிலத்துக்கு வெளியே போனாலே இடமாற்றமாகக் கணக்கு. அங்கும் 60 நாள் நோட்டீஸ். கலிபோர்னியாவில் 45 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று நீதிபதி ஆணையிலேயே சேர்க்கலாம்.

வாட்ஸாப்பில் "அடுத்த மாசம் ஷிஃப்ட் ஆகறோம்" என்று போட்டுவிட்டு நோட்டீஸ் கொடுத்ததாக நினைக்காதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்கட்டு இருந்தாலோ மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லையென்றாலோ முதலில் பழைய கோர்ட்டில் அனுமதி கேளுங்கள். கேட்கும்போது வேலைக் கடிதம், புதுப் பள்ளி விவரம், அதோடு முக்கியமாக மற்ற பெற்றோர் குழந்தையைப் பார்ப்பதற்கான தெளிவான திட்டம் எல்லாம் கையில் இருக்கட்டும். எந்த விடுமுறை யாரிடம், விமான டிக்கெட் யார் செலவு, வாரம் எத்தனை வீடியோ அழைப்பு என்பதுவரை எழுதுங்கள். நீதிபதிகள் குழந்தையின் நலனைப் பார்க்கிறோம் என்று சொல்லும்போது, மற்ற பெற்றோரின் இடத்தை நீங்கள் காப்பாற்றித் தருகிறீர்களா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

சொல்லாமல் கிளம்பிப் போய்ப் புது மாநிலத்தில் அதிகாரம் உண்டாக்கிக்கொண்டால், அது நியாயமற்ற நடத்தையால் வந்தது என்று புதுக் கோர்ட் வழக்கையே மறுக்கலாம். எதிர்த்தரப்பின் வக்கீல் செலவையும் உங்கள் தலையில் கட்டலாம்.

படி 5: வழக்கைப் புது மாநிலத்துக்கு மாற்றக் கேட்பது

பழைய மாநிலத்துக்கு அதிகாரம் இருந்தாலும், "இந்த வழக்கை விசாரிக்க நான் வசதியான இடமில்லை, அந்த மாநிலமே பொருத்தம்" என்று அதுவே விட்டுக்கொடுக்கலாம். நியூ ஜெர்சி அம்மாவுக்கு இருக்கும் நேர்வழி இதுதான்: டாலஸ் கோர்ட்டில் இந்த மனுவைப் போடுவது. அதற்கு டெக்சாஸில் பயிற்சி செய்யும் வக்கீல் வேண்டும். புது ஊர் வக்கீலோடு மட்டும் பேசிவிட்டு முடிவெடுப்பது வீண் செலவு.

நீதிபதி எடைபோடுபவை: குடும்ப வன்முறை நடந்ததா, இனியும் நடக்குமா, குழந்தை எவ்வளவு காலமாக வெளியே இருக்கிறது, இரண்டு கோர்ட்டுகளுக்கும் இடையே தூரம், இருவரின் பணநிலை, சாட்சியங்கள் எங்கே, எந்தக் கோர்ட்டுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியும், எது சீக்கிரம் முடிக்கும். பெற்றோரின் ஒப்பந்தமும் இந்தப் பட்டியலில் ஒன்று. தனியே அது அதிகாரம் தராது, ஆனால் இருவரும் ஒத்துக்கொண்டால் நீதிபதி மாற்றிவிடுவது எளிது. என் கணிப்பில் காலம்தான் கனமான காரணம். போன மூன்றாம் மாதமே கேட்பதற்கும் மூன்றாம் வருடம் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம். ஆசிரியர், மருத்துவர், கவுன்சிலர் எல்லோரும் புது ஊரில் வேரூன்றிய பிறகு கேட்டால் சொல்வதற்குச் சரக்கு இருக்கும்.

இரண்டு நீதிபதிகளும் நேரடியாகத் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம். முடிவெடுக்கும் முன் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அந்த உரையாடலுக்குப் பதிவும் இருக்க வேண்டும். தேதி குறிப்பது போன்ற நிர்வாகப் பேச்சுக்கு மட்டும் விலக்கு. அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

எந்தக் கோர்ட்டில் போட்டாலும் முதல் மனுவோடு ஒரு பிரமாண வாக்குமூலம் தர வேண்டும்: குழந்தை கடந்த ஐந்து வருடம் எங்கெங்கே, யார் யாரோடு இருந்தது, அவர்களின் இப்போதைய முகவரி, வேறு எங்காவது கஸ்டடி, பாதுகாப்பு ஆணை, தத்து வழக்கு உண்டா என்று. அமெரிக்காவில் ஐந்து வருடத்தில் நாலு அபார்ட்மென்ட் மாறியவர்கள் பழைய வாடகை ஒப்பந்தங்களைத் தேடத் தொடங்கலாம். இதில் ஒரு வழக்கை மறைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். முகவரி தெரிந்தால் ஆபத்து என்றால் அதை மூடிய உறையில் வைக்கக் கேட்க வழி உண்டு.

நேரில் போக முடியாதவர்கள் தொலைபேசியிலோ வீடியோவிலோ சாட்சி சொல்ல அனுமதி கேட்கலாம். இந்தச் சட்டமே அதற்கு இடம் தருகிறது.

படி 6: ஆணையைப் புது மாநிலத்தில் பதிவு செய்வது

இதைப் பலரும் செய்வதில்லை, எளிதான காரியம். ஆணையின் இரண்டு நகல்கள், அதில் ஒன்று கோர்ட் சான்றளித்தது, ஆணை மாற்றப்படவில்லை என்ற உறுதிமொழி, பெற்றோரின் பெயர் முகவரி, பதிவு கேட்கும் கடிதம். இவற்றைப் புது மாநிலக் கோர்ட்டுக்கு அனுப்பினால் மற்றவருக்கு நோட்டீஸ் போகும். ஆட்சேபிக்க 20 நாள். ஆட்சேபணைக்கும் மூன்றே காரணங்கள்தான்: ஆணை போட்ட கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை, ஆணை ரத்தாகிவிட்டது அல்லது திருத்தப்பட்டது, எனக்கு அப்போது நோட்டீஸே வரவில்லை. எதுவும் வராவிட்டால் பதிவு உறுதியாகிவிடும்.

பதிவு செய்தால் வழக்கு இடம் மாறாது. ஆனால் நாளைக்கு ஞாயிறு மாலை குழந்தையைத் திருப்பி அனுப்ப மறுக்கிறார் என்றால், உள்ளூர் கோர்ட்டில் உடனே அமல்படுத்தக் கேட்க அடித்தளம் தயாராக இருக்கும். அவசர அமலாக்க மனுவில் நோட்டீஸ் கொடுக்கப்பட்ட அடுத்த கோர்ட் நாளிலேயே விசாரணை வைக்க வேண்டும் என்பது சட்டம். குழந்தைக்குக் கடும் உடல் தீங்கு வரலாம், அல்லது மாநிலத்தை விட்டுக் கொண்டுபோய்விடலாம் என்ற நிலை இருந்தால் குழந்தையை உடனே மீட்க வாரன்ட்டே தரலாம்.

அடி, மிரட்டல் என்றால் வேறு கணக்கு

உயிர் பயத்தில் ஓடி வந்தவர் மேலே சொன்ன வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. குழந்தை இப்போது இருக்கும் மாநிலத்துக் கோர்ட், குழந்தையோ அதன் உடன்பிறந்தவரோ பெற்றோரோ துன்புறுத்தப்பட்டாலோ மிரட்டப்பட்டாலோ தற்காலிக அவசர அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அம்மா அடிவாங்கினால் போதும், குழந்தை மேல் கை வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே வேறு மாநில ஆணை இருந்தால், இந்த ஆணை குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். அதற்குள் பழைய கோர்ட்டை அணுக வேண்டும், நீதிபதிகளும் உடனே பேசிக்கொள்ள வேண்டும். எங்கும் வழக்கே இல்லையென்றால், புது மாநிலம் பின்னால் ஹோம் ஸ்டேட் ஆகும்போது அந்த ஆணையே நிலையாகவும் மாறலாம். தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233; எந்த நேரமும் அழைக்கலாம்.

சைல்டு சப்போர்ட் தனி ரயில்

கஸ்டடி மாறும் கோர்ட்டில்தான் பராமரிப்புத் தொகையும் மாறும் என்று நினைக்காதீர்கள். அதற்கு யு.ஐ.எஃப்.எஸ்.ஏ. என்று வேறு சட்டம். கஸ்டடிக்கு மற்ற பெற்றோர் என்ற நபர் மேல் கோர்ட்டுக்கு நேரடி அதிகாரம் தேவையில்லை, முறையான நோட்டீஸ் போதும். பணம் கட்டச் சொல்ல அந்த அதிகாரம் கட்டாயம். எல்லோரும் டெக்சாஸை விட்டுப் போன பிறகு, தொகையை மாற்றக் கேட்பவர் பொதுவாக எதிர்த்தரப்பு இருக்கும் மாநிலத்தில்தான் போட வேண்டும். அதாவது அட்லாண்டா அப்பா தொகையைக் குறைக்க நியூ ஜெர்சிக்குப் போக வேண்டும். நியூ ஜெர்சி அம்மா கூட்டக் கேட்க ஜார்ஜியாவுக்குப் போக வேண்டும். விசித்திரமாகத் தெரியும். ஆனால் யாரும் தன் வீட்டு மைதானத்தில் ஆடக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

மாநிலம் இல்லை, இந்தியா என்றால்

யு.சி.சி.ஜே.இ.ஏ. வெளிநாட்டையும் இன்னொரு மாநிலம் போலவே பார்க்கிறது. அந்த நாட்டுக் கஸ்டடிச் சட்டம் அடிப்படை மனித உரிமைகளை மீறினால் மட்டும் விதிவிலக்கு. ஆகவே குழந்தை சென்னையில் பாட்டியிடம் ஒரு வருடம் படித்துவிட்டு வந்தால், அது தற்காலிகப் பயணமா, ஹோம் ஸ்டேட்டே இந்தியாவா என்ற கேள்வி அமெரிக்க கோர்ட்டில் வரும். டிக்கெட் எடுக்கும் முன் எத்தனை நாள், எப்போது திரும்புவது என்று இருவரும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளைத் திருப்பி அனுப்பும் 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் அங்கிருந்து குழந்தையை மீட்பது இந்திய நீதிமன்றங்களின் கையில்தான். அந்தப் பயம் இருந்தால் முன்கூட்டியே செய்யக்கூடியது உண்டு. 16 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அமெரிக்க பாஸ்போர்ட் எடுக்க இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும். வர முடியாதவர் டி.எஸ்.-3053 படிவத்தில் சம்மதம் தருவார். வெளியுறவுத் துறையின் குழந்தைகள் பாஸ்போர்ட் எச்சரிக்கைத் திட்டத்தில் பெயரைச் சேர்த்தால், யாராவது விண்ணப்பிக்கும்போது உங்களுக்குத் தகவல் வரும். ஏற்கெனவே கையில் இருக்கும் பாஸ்போர்ட்டை அது தடுக்காது. இந்திய பாஸ்போர்ட்டுக்கும் ஓ.சி.ஐ. அட்டைக்கும் அது பொருந்தாது. அதனால் பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பது, குழந்தையை நாட்டுக்கு வெளியே கூட்டிப்போக யாருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் ஆணையிலேயே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.